ஒன்று என்றால் ஆண்

பால்நிலை பற்றிய ஆய்வு ஒன்றுக்கு என்னை அழைத்தபோது, என்னுடைய கணித அறிவின் புகழ் கடைசியில் சமூகவியல் துறை வரைக்கும் எட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான் எமில்ராஜ். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். இருபது வருடமாக ஒரே பாடத்தைப் படிப்பிக்கிறவர்களுக்கு இப்படியான நினைப்புகள் அடிக்கடி வரும்.

அழைத்தவர் பேராசிரியர் பத்மாவதி. சமூகவியலில் பெரிய பெயர். மெல்லக் கதைப்பார், ஆனால் அவர் கதைத்து முடிந்ததும் நாங்கள் எதற்கோ சம்மதித்துவிட்டிருப்போம்.

"எமில்ராஜ், உங்களாலை எங்களுக்கு ஒரு உதவி வேணும்."

"புள்ளிவிபரம்தானே மடம்? செய்யலாம்."

"ஓம், அதையும் செய்யலாம்" என்றார்.

அந்த 'அதையும்' என் காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை.

ஆய்வு இதுதான். மருத்துவம், பௌதிகவியல், வணிகம், தமிழ் என்று வெவ்வேறு துறை மாணவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்பது. பாடம் விளங்காவிட்டால் எழும்பிக் கேட்பீர்களா? உங்கள் பாடத்துக்குப் பிறவித் திறமை வேண்டுமா, உழைப்புப் போதுமா? விரிவுரைக்கு வராமல் விட்டால் என்ன காரணம்? ஆண்களும் பெண்களும் சொல்வது எந்தத் துறையில் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்ப்பது. குழுவில் பத்மாவதி, கல்வியியல் துறை ஷாமினி, என்னுடைய துறையிலேயே இருக்கும் தர்சினி, பிறகு நான்.

முதல் கூட்டத்திலேயே பத்மாவதி விஷயத்தைச் சொல்லிவிட்டார். "காசு தாற நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டிருக்கு. குழுவிலை எல்லாரும் ஒரே பாலாய் இருக்கக்கூடாதாம். அதுதான் எமில்ராஜைப் பிடிச்சனாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பகிடி என்று நினைத்தேன்.

அடுத்த சில மாதங்களில் அது பகிடி இல்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கட்டத்தில் எல்லோருடைய முகமும் என் பக்கம் திரும்பும். "எமில்ராஜ், ஆம்பிளையள் இதைப் பற்றி என்ன நினைப்பினம்?" பருத்தித்துறையிலிருந்து ஊர்காவற்றுறை வரைக்கும் உள்ள அத்தனை ஆண்களின் சார்பிலும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொல்வேன். அவர்களில் ஒருவனையும் நான் கேட்டுப் பார்த்ததில்லை. படம் எடுக்கும்போது என்னை நடுவில் நிறுத்துவார்கள். புரொஜெக்டர் வேலை செய்யாவிட்டால் என்னைப் பார்ப்பார்கள். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்றாலும் எழும்பிப் போய் வயரை ஆட்டிப் பார்ப்பேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்கமுடியாமல் போனது வேறொன்று. ஒரு நாள், வணிகத் துறையில் பிடித்த ஆட்கள் காணாது, இன்னும் கொஞ்சப் பேரிடம் கேட்கவேண்டும் என்று சொன்னேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தர்சினி அதையே சொன்னாள். "நல்ல விஷயம்" என்று பத்மாவதி எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் மனைவி சுகிர்தத்திடம் கொதித்தேன். "நான் சொன்னால் காதிலை விழாதாம். அதே கதையை வேறை ஆள் சொன்னால் நல்ல விஷயமாம். இப்பிடி எங்கையாவது நடக்குமோ?" அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அடுப்பு மூட்டியே இருக்கவில்லை. உள்ளே நெடுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆகவே தரவு வந்து சேர்ந்த நாளில், நான் யார் என்று இவர்களுக்குக் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அரியாலையில் என்னுடைய வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கணினியின் முன்னால் இருந்தேன். நீண்ட அட்டவணை. 'பால்' என்ற நிரலில் ஒன்று, இரண்டு என்று மட்டும் போட்டிருந்தது. ஒன்று என்றால் ஆண், இரண்டு என்றால் பெண். இதை யாரிடமாவது கேட்டு உறுதி செய்யவேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஒரு கணமும் வரவில்லை. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று யாராவது போன் போட்டுக் கேட்பார்களா?

கணக்கைப் போட்டேன். வந்த விடையைப் பார்த்துக் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். பௌதிகவியலில், பாடம் விளங்காவிட்டால் பெண்கள் எழும்பிக் கேட்கிறார்கள். ஆண்கள் வாய் திறப்பதில்லை. சின்ன வித்தியாசமில்லை, பெரிய வித்தியாசம். உலகம் முழுக்க எல்லோரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான முடிவு யாழ்ப்பாணத்தில், என்னுடைய அறையில், என்னுடைய கையால் வந்திருக்கிறது.

இருபது வருடமாக அந்த வகுப்புகளில் நிற்கிறவன் நான். எழும்பிக் கேள்வி கேட்பது யார் என்று ஒருமுறை யோசித்துப் பார்த்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. கண்டுபிடிப்பாளர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. எனக்கு உடனே ஒரு விளக்கம் தேவைப்பட்டது.

விளக்கம் அன்று பின்னேரமே கிடைத்தது. கடல்நீரேரிக் கரையால் மோட்டார் சைக்கிளில் போகும்போது, இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சுவலையோடு ஆடாமல் அசையாமல் நின்றார். சத்தமில்லை. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார், பார்த்தார், வீசினார். எனக்குள் வெளிச்சமாகிவிட்டது. ஆண் என்கிறவன் இயற்கையிலேயே தனித்து நின்று கவனிக்கிறவன். அவன் கேட்டு அறிவதில்லை, பார்த்து அறிகிறான். பெண் கூட்டத்தில் வாழ்கிறவள். கேட்டும் சொல்லியும் அறிகிறவள். லட்சக்கணக்கான வருடப் பழக்கம் பௌதிகவியல் வகுப்பில் வந்து நிற்கிறது!

அட்டவணையையும் முடிவையும் குழுவினருக்கு அனுப்பினேன். விளக்கத்தை அனுப்பவில்லை. அதைக் கருத்தரங்கில் நேரில் அவிழ்ப்பதுதான் அழகு என்று வைத்துக்கொண்டேன்.

கருத்தரங்குக்கு எல்லாத் துறையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் எங்கள் துறைத் தலைவர் தியாகராசா. நான் புதிதாகத் தைத்த சேட்டுப் போட்டிருந்தேன். முடிவைத் திரையில் போட்டதும் மண்டபத்தில் ஒரு சலசலப்பு. அதை அனுபவித்துக்கொண்டே மீன் பிடிக்கிற மனிதரை மேடைக்குக் கொண்டுவந்தேன். என் குரல் எனக்கே இனிமையாகக் கேட்டது. முடித்தபோது கைதட்டினார்கள். தியாகராசா சேர் எழும்பி, "இதை நான் முப்பது வருசமாய்ச் சொல்லிக்கொண்டு வாறன்" என்றார். அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த வெற்றிக் களிப்பில் அடுத்த அட்டவணையைத் திரையில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன். விரிவுரைக்கு வராமல் விடுவதற்கான காரணங்கள். எனக்கு அதில் அக்கறை இருக்கவில்லை, வாசிக்காமலே ஒட்டியிருந்தேன்.

பத்மாவதி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார்.

"எமில்ராஜ், ஒரு சின்னச் சந்தேகம்."

"கேளுங்கோ மடம்."

"பௌதிகவியல் படிக்கிற ஆம்பிளைப் பிள்ளையளிலை கனபேர், மாதவிடாய் வலியாலை விரிவுரைக்கு வாறேல்லை எண்டு போட்டிருக்கு."

மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. அந்தச் சொல்லை அந்த மண்டபத்தில் ஒலிவாங்கி முன்னால் யாரும் இதற்குமுன் சொல்லியிருக்கமாட்டார்கள். தியாகராசா சேர் கூரையைப் பார்த்தார். நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். ஓம், அப்படித்தான் இருந்தது. பெண்கள் நிரலில் அந்த வரிசையில் பூச்சியம்.

"ஒண்டு எண்டது ஆம்பிளைதானே?" என்றேன். என் குரல் சுருங்கிவிட்டது.

"இல்லை. வினாக்கொத்திலை 'பெண்'ணைத்தான் முதல் போட்டனாங்கள். ஒண்டு எண்டால் பெண்" என்றார் பத்மாவதி.

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனிதன் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கியிருப்பான். நான் இறங்கவில்லை. வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது.

"அப்ப மாறிப்போச்சு. கேள்வி கேக்கிறது ஆம்பிளையள், கேக்காமல் இருக்கிறது பொம்பிளையள். அதுவும் இயற்கைதான் பாருங்கோ. இப்ப அந்த மீன் பிடிக்கிறவரையே எடுங்கோ. துணிஞ்சு தண்ணிக்குள்ளை இறங்கிறார். கேள்வி கேக்கிறதும் அப்பிடித்தான், துணிஞ்சு இறங்கிற வேலை. பொம்பிளையள் பாத்தீங்களெண்டால் கரையிலை நிண்டு பொறுமையாய்க் கவனிக்கிற..."

மண்டபத்தின் நடுவிலிருந்து சிரிப்பொன்று வந்தது. அடக்கப் பார்த்து அடங்காமல் வெடித்த சிரிப்பு. தர்சினி. மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்போதுதான் எனக்கு என்னுடைய குரல் காதில் விழுந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஆண் ஏன் பேசமாட்டான் என்பதற்கு வந்த அதே மனிதர், அதே தண்ணீரில், அதே வலையோடு, இப்போது ஆண் ஏன் பேசுவான் என்பதற்கும் வந்து நிற்கிறார். பாவம், மனுசனைக் கரையேற விடவில்லை.

தர்சினியைத் தொடர்ந்து மண்டபமே சிரித்தது. தியாகராசா சேரும் சிரித்தார். முப்பது வருடமாகச் சொல்லிவந்ததை அவர் அந்தக் கணமே மறந்துவிட்டார்.

கன்ரீனில் ஒரு மூலையில் போய் இருந்தேன். வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போகலாமா, இந்த வயதில் எந்த நாட்டில் எடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தர்சினி இரண்டு பிளேன்ரீயோடு வந்து எதிரில் இருந்தாள். கண் இன்னும் ஈரமாயிருந்தது.

"குறை நினையாதேங்கோ சேர். ஏலாமல் போச்சுது."

"சிரியும், சிரியும். என்னை எடுத்ததே ஆம்பிளை எண்ட ஒரே காரணத்துக்குத்தானே. படத்துக்கு நடுவிலை நிக்க ஒரு ஆள். நான் சொல்லுறதை ஒருத்தரும் கேக்கிறேல்லை. எடுத்ததுக்கெல்லாம் ஆம்பிளையள் என்ன நினைக்கினம் எண்டு கேள்வி. எனக்கென்ன தெரியும்? நான் ஒரு ஆள்!"

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"எத்தினை மாசம் சேர்?"

"நாலு மாசம் வரும்."

"நான் எங்கடை துறையிலை ஒன்பது வருசம்."

எங்கள் துறையில் நிரந்தர விரிவுரையாளர்களில் அவள் ஒருத்திதான் பெண். கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் அவள். ரீக்குச் சொல்கிறவள் அவள். "பெட்டையள் இதுக்கு என்ன சொல்லுவினம் தர்சினி?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறது யார் என்று யோசித்துப் பார்த்தேன். தியாகராசா சேர்தான் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. பெரும்பாலும் நான்தான்.

"அப்ப, எங்கடை வகுப்பிலை பொம்பிளைப் பிள்ளையள் ஏன் கேக்கினமில்லை?" என்றேன்.

"எனக்கெப்பிடித் தெரியும்? நானும் ஒரு ஆள்தானே. அவையளைத்தான் கேக்கவேணும்."

அடுத்த நாள் பத்மாவதியின் அறைக்குப் போனேன். குழுவிலிருந்து விலகுவதாகச் சொல்ல வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்ல விடவில்லை.

"இருங்கோ. போன கிழமை நீங்கள் அந்தப் பிழையான அட்டவணையை எனக்கும் அனுப்பினனீங்கள்தானே?"

"ஓம்."

"அதைப் பாத்திட்டு நானும் ஒரு விளக்கம் எழுதினனான். நான் இயற்கை எண்டு எழுதுவனே? வளர்ப்பு எண்டு எழுதினன். எங்கடை வீடுகளிலை பெடியங்கள் பிழை விடப் பயந்து வளருகினம், அதாலை வகுப்பிலை வாய் திறக்கினமில்லை எண்டு மூண்டு பக்கம். நல்லாய்த்தான் வந்தது. நேற்று இரவு எடுத்து 'பெடியங்கள்' எண்ட இடத்திலை 'பெட்டையள்' எண்டு மாத்திப் பாத்தன்." சிறிது நேரம் யன்னலைப் பார்த்தார். "ஒரு சொல்லும் இடிக்கேல்லை எமில்ராஜ்."

முப்பது வருடப் பேராசிரியர். அவர் முகத்தில் இருந்த வெட்கத்தைப் பார்த்தபோது என்னுடைய வெட்கத்தில் பாதி கழன்றுபோனது. மனிதனுக்கு வேறென்ன ஆறுதல் வேண்டும்?

"அப்ப என்ன செய்யிறது மடம்?"

"விளக்கம் சொல்லுறதைக் கொஞ்சம் நிப்பாட்டிப்போட்டு, பிள்ளையளைக் கேப்பம்."

கேட்டோம். பௌதிகவியல் இரண்டாம் வருடத்தில் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு வட்டமாக இருத்தினோம். என்னை வரவேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். நான் இருந்தால் பிள்ளைகள் கதைக்கமாட்டார்களாம். ஒரு மூலையில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன். பிள்ளைகள் முதலில் என்னைப் பார்த்துப் பார்த்துக் கதைத்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதை அவர்கள் முன்பு கண்டதில்லை, அதனால் அது நான் என்று நம்பவில்லையோ என்னவோ.

பெடியங்களைப் பார்த்து, ஏன் அடிக்கடி கேள்வி கேட்கிறீர்கள் என்று ஷாமினி கேட்டார். கஜீவன் என்றொருவன் தலையைச் சொறிந்தான்.

"கேட்டால் சேர் அதையே பிடிச்சுக்கொண்டு கதைப்பார் மிஸ். அந்தளவுக்குப் பாடம் ஓடாது. சோதினைக்குப் படிக்கிறது குறையும்."

மற்றப் பெடியங்கள் தலையாட்டினார்கள். லட்சக்கணக்கான வருட இயற்கை அதோடு முடிந்தது.

"பெட்டையள் ஏன் கேக்கிறேல்லை?"

கோபிகா என்ற பிள்ளை, வகுப்பில் முன்வாங்கில் இருந்து எல்லாவற்றையும் எழுதுகிறவள், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"முதல் வருசம் கேட்டனாங்கள் மிஸ். பெடியங்கள் கேட்டால் எமில்ராஜ் சேர் போர்டிலை போட்டு, அவையோடை சண்டை பிடிச்சு விளங்கப்படுத்துவார். நாங்கள் கேட்டால், 'விளங்கேல்லையே பிள்ளை? பறவாயில்லை, இது கஷ்டமான இடம்தான். அந்தளவுக்குச் சோதினைக்கு வராது' எண்டுவார். அவர் அன்பாய்த்தான் சொல்லுறவர். ஆனா, பறவாயில்லை எண்டு சொன்னாப் பிறகு என்னத்தைக் கேக்கிறது?"

நிவேதனா என்ற இன்னொருத்தி, "சோதினைக்கு வந்ததுதானே" என்றாள் மெல்ல.

மூலையில் இருந்தவனுக்குக் காது சுட்டது. என்னுடைய நல்ல குணங்களில் முதலாவதாக நான் வைத்திருந்தது அந்த அன்பைத்தான். பெட்டைகளைக் கலங்கவிடாமல் படிப்பிக்கிற சேர் என்று எனக்கு நானே ஒரு பட்டம் கொடுத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதாகச் சொன்ன வாக்கை அந்த ஒரு மணித்தியாலம் காப்பாற்றினேன். என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

எழும்பிப் போகும்போதுதான் மூலையில் நான் இருப்பது கோபிகாவுக்குத் திரும்ப நினைவு வந்தது. முகம் வெளிறிப்போனது. பிறகு என்ன நினைத்தாளோ, "சேர், இன்னொண்டும் சொல்லவேணும்" என்றாள்.

"சொல்லும்."

"கருத்தரங்குக்கு நானும் வந்தனான். எங்கடை சித்தப்பா குருநகரிலை தொழிலுக்குப் போறவர். அவர் வலை வீசேக்கை வாய் ஓயாமல் ஆரையாவது பேசிக்கொண்டுதான் நிப்பார்."

மற்றத் துறைகளிலும் இப்படியே கேட்டுக்கொண்டு போனோம். ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு கதை. தமிழ்த் துறையில் ஆண்பிள்ளைகள் பின்வாங்கில் ஒடுங்கிக்கொண்டு இருந்தார்கள். தமிழ் படிக்கிறேன் என்று ஊரில் சொல்ல வெட்கமாம். மருத்துவத்தில் இருபாலாரும் ஒரே மாதிரிப் பயந்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு விளக்கத்தை அறிக்கையில் எழுத எங்களால் முடியவில்லை. துறைக்குத் துறை நடந்ததை நடந்தபடி எழுதி, இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும் என்று முடித்தோம். என்னுடைய மீன்காரர் விளக்கம் இரண்டும் ஓர் அடிக்குறிப்பில் பக்கத்துப் பக்கமாக வரட்டும் என்றார் பத்மாவதி. அவருடைய மூன்று பக்கமும் கூடவே வருமென்றால் சம்மதம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஓம் என்றார். பிறகு, நான் வணிகத் துறையில் ஆட்கள் காணாது என்று சொன்னதை எழுதிக்கொள்ளாமல் விட்டதற்கு ஒரு மன்னிப்பும் கேட்டார். அது எனக்கு அறிக்கையை விடப் பெரிதாக இருந்தது. அவ்வளவு சின்ன மனிதன் நான்.

அடுத்த தவணை, சுழலும் பொருள்கள் பற்றிய பாடம். பம்பரத்தை உதாரணமாக எடுத்துச் சமன்பாட்டைப் பலகையில் எழுதி முடித்தேன். கோபிகா கையை உயர்த்தினாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"விளங்கேல்லை சேர்."

'பறவாயில்லை' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.

"சமன்பாடு விளங்குது சேர். அந்தப் பம்பரம் ஏன் விழேல்லை எண்டதுதான் விளங்கேல்லை."

கோண உந்தம் என்றேன். அது பேர்தானே சேர் என்றாள். படம் கீறினேன். அம்புக்குறி போட்டேன். "அந்த அம்பு ஏன் பக்கவாட்டிலை போகுது? பாரம் கீழைதானே இழுக்குது?" நான் இன்னொரு அம்புக்குறி போட்டேன். அவள் விடவில்லை. நிவேதனாவும் சேர்ந்துகொண்டாள். கஜீவன் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தான். பலகை நிறைய அம்புகள். எனக்கு நெற்றியால் வியர்த்து வடிந்தது. சமன்பாட்டை எத்தனை தரம் எழுதியிருப்பேன்! சமன்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தப் பம்பரம் ஏன் விழாமல் நிற்கிறது என்று என்னை நானே ஒரு நாளும் கேட்டதில்லை. என்னை அந்தளவுக்கு யாரும் துரத்தியதுமில்லை.

"எனக்கும் வடிவாய் விளங்கேல்லைப் பிள்ளை. பாத்துக்கொண்டு வந்து சொல்லுறன்" என்றேன்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. கோபிகா கொப்பியில் ஏதோ எழுதிவிட்டு, "ஓம் சேர்" என்றாள். வெளியே வரும்போது, கருத்தரங்கில் கைதட்டு வாங்கியபோது இருந்ததை விட மனது லேசாக இருந்தது.

நூலகத்தில் மூன்று புத்தகங்களைப் புரட்டினேன். மூன்றிலும் அதே சமன்பாடு, அதே அம்பு. மாடிப்படி ஏறித் தர்சினியின் அறைக் கதவைத் தட்டினேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஒரு சந்தேகம் கேக்கலாமோ?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மேசையில் கிடந்த தாள்களை ஒரு பக்கம் ஒதுக்கி, எதிரில் இருந்த கதிரையை இழுத்துவிட்டாள்.

"இருங்கோ சேர். எந்த இடம் விளங்கேல்லை?"